வாங்கினேனா, வாங்குவேனா?

 

வெளி மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறார் ஒருவர். சம்பள நாள் வருகிறது. மேஸ்திரி ஒரு தாளை நீட்டுகிறார். "கையெழுத்துப் போடுப்பா. பணம் அடுத்த வாரம் வரும்" என்கிறார். தாளில் இருப்பது ஆங்கிலம். முதல் சொல் "ரிசீவ்ட்".

இதற்கு என்ன பொருள்? "பெற்றுக்கொண்டேன்" என்று பொருள். பணம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் வந்துவிட்டது என்று தாள் சொல்கிறது. கீழே அவர் கையெழுத்து! நாளைக்குப் பணம் வராவிட்டால் அந்தத் தாளே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

பார்த்தீர்களா? நடந்ததா, இனி நடக்குமா என்று சொல்வது வினைச்சொல்லின் காலம். அது தெரியாவிட்டால் கூலியே போய்விடும்.

காலம் என்பது புதிய பாடம் அல்ல. வந்தேன், வருகிறேன், வருவேன் என்று தினமும் பேசுகிறோம். முதலாவது இறந்த காலம். இரண்டாவது நிகழ்காலம். மூன்றாவது எதிர்காலம். ஆங்கிலத்திலும் இதே மூன்று காலங்கள் உண்டு. காட்டும் முறைதான் வேறு.

முடிந்துபோன செயலுக்குச் சொல்லின் வால் மாறும். "வொர்க்" என்றால் வேலை செய். "வொர்க்ட்" என்றால் வேலை செய்தேன். "ரிசீவ்" என்றால் பெறு. "ரிசீவ்ட்" என்றால் பெற்றேன். எழுதும்போது இந்தச் சொற்களின் கடைசியில் இ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் நிற்கும். அவற்றைக் கண்டால் நின்று யோசியுங்கள்.

இனி நடக்கப்போகும் செயலுக்கு முன்னால் "வில்" வரும். "ஐ வில் ரிசீவ்" என்றால் பெறுவேன்.

தமிழில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று ஆளுக்கு ஏற்ப முடிவு மாறும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் "கேம்" ஒன்றுதான். இது நமக்குச் சுலபம். நிகழ்காலத்தில் மட்டும் ஒரு சிறு மாற்றம். "ஐ வொர்க்" என்பது "ஹி வொர்க்ஸ்" என்று ஆகும். அவன், அவள், அது என்று ஒருவரைச் சொல்லும்போது "ஸ்" சேரும்.

சில சொற்கள் வாலை மட்டும் மாற்றாமல் உருவையே மாற்றும். "கோ" என்றால் போ. போனேன் என்பதற்கு "வென்ட்". "கிவ்" என்றால் கொடு. கொடுத்தேன் என்பதற்கு "கேவ்". "பே" என்றால் பணம் செலுத்து. செலுத்தினேன் என்பதற்கு "பெய்ட்". "கட்" மாறவே மாறாது. பயப்பட வேண்டாம். தமிழிலும் "வா" என்ற சொல் "வந்தேன்" என்று மாறவில்லையா? அடிக்கடி கேட்டால் நாக்கில் படிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "பெய்ட்" என்று கண்டதும் பணம் கொடுத்தாயிற்று என்று நம்பிவிடாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள சொல்லையும் பாருங்கள். "வில் பி பெய்ட்" என்றால் இனிமேல்தான் கொடுக்கப்படும்.

ரயில் நிலையத்திலும் இது உதவும். "ஹேஸ் அரைவ்ட்" என்றால் வண்டி வந்துவிட்டது. ஓடுங்கள்! "இஸ் அரைவிங்" என்றால் வந்துகொண்டிருக்கிறது. மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். "வில் அரைவ்" என்றால் இனிமேல்தான் வரும். தேநீர் குடிக்க நேரம் இருக்கலாம்.

ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் பணம் பெற்றால், ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். ஸ்டாம்பைப் பார்த்து மிரள வேண்டாம். மேலே உள்ள வினைச்சொல்லைப் பாருங்கள். பணத்தை எண்ணுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். புரியாவிட்டால், "இது கொடுத்ததா, கொடுக்கப்போவதா?" என்று கேளுங்கள். கேட்பது வெட்கம் அல்ல.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பழைய ரசீதை எடுங்கள். அதில் உள்ள ஆங்கில வினைச்சொல்லைத் தேடுங்கள். நடந்ததா, நடக்கிறதா, நடக்குமா என்று எழுதி நாளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிக்கலாம்.