செய்தியைத் தெளிந்த பின்னரே

 

மனித உரிமை, சமாதானப் பயிற்சி என்றதும் ‘அது வெளிநாட்டுச் சரக்கு’ என ஒதுங்குவோர் நம்மில் உளர். நபித்துவத்திற்கு முன்னரே நபி (ஸல்) அவர்கள் மக்காவில், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் நிகழ்ந்த ஹில்புல் புழூல் உடன்படிக்கையில் பங்குகொண்டார்கள். அன்று உரிமை இழந்து நின்றவர் குறைஷியரல்லர்; யெமனிலிருந்து வந்த வணிகர். பிற்காலத்திலும் அத்தகைய அழைப்பு வரின் ஏற்பேன் என்றே நவின்றார்கள்.

நமது பதுளை மாவட்டத்திற்கு வருவோம். பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், தம் விடுதலை தாமதமாவதைத் தடுத்துவைக்கப்பட்டோர் ஒரு மாலை முறையிட்டனர். இரவோடிரவாக அது வதந்தியாய் உருமாறிற்று. மறுநாள், 2000 ஒக்டோபர் 25 காலை, திரண்டு வந்த கூட்டம் 25க்கும் மேற்பட்ட தமிழர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கிருந்தும் தடுக்கவில்லை. 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் அனைவரும் விடுதலையாயினர்.

கொன்றவர்கள் அந்நியரல்லர், அயலூரார் என்பதே நெஞ்சை உறுத்துகிறது.

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதிருக்கச் செய்தியைத் தெளிந்துகொள்ளப் பணிக்கிறது. 2018இல் திகனையில் வதந்தியின் வெம்மையை நாமும் சுமந்தோம். ஆயினும் லயன் அறைகளில் வாழும் தோட்ட மக்களைப் பற்றி நம் கடைகளில் ஏளனம் பேசப்படும்போது எத்தனை தந்தையர் தடுக்கின்றோம்?

பெற்றோர்களே, இன்றிரவு மகனின் கைபேசிக்கு ஒரு செய்தி வரலாம். அவன் அதைப் பிறருக்கு அனுப்புமுன், “இதனை நேரிற் கண்டவர் யார்?” என்று வினவுங்கள்.