விருந்து வந்தவரின் வாய்மை



திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். வந்தவரை எவ்வாறு முகம் மலர்ந்து வரவேற்பது, எவ்வாறு பகுத்து உண்பது என்பவை எல்லாம் அங்கே வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்ட அறங்கள். விருந்தாக வந்தவருக்கு என்ன அறம்? உண்ட வீட்டில் ஓர் அநீதி நிகழக் கண்டால் அவர் வாய்திறக்கலாமா, வாய்மூடி இருப்பதுதான் பண்பா? அயல்நாடு சென்று சமயத் தொண்டாற்றிய ஒவ்வொருவர் முன்னும் இந்த வினா எழுந்து நின்றது. திண்டுக்கல் சமவெளியில் அந்த வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய ஒருவர் உண்டு. அவர் பெயர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான்.

அவரைக் காணுமுன் அவருக்கு முன்னே வந்தவர்களைக் காண்பது முறை. இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணி பாடினார், 1730இல் தொன்னூல் விளக்கமும் 1732இல் சதுரகராதியும் தந்தார். குறிலும் நெடிலும் எழுத்தில் மயங்கிக் கிடந்த எகர ஒகரங்களுக்கு வேறுபாடு காட்டினார். திண்டுக்கல்லில் இயேசு சபையினர் துறவுப் பயிற்சி பெறும் இல்லம் இன்றும் பெஸ்கியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொடுக்க வந்தவர் முதலில் கற்கவேண்டும் என்பதற்கு அவர் சான்று. ஒரு மொழியைக் கற்றுக்கொள்வதே விருந்தாளி செலுத்தும் முதல் நன்றிக்கடன்.

அடுத்து வந்தவர்கள் அமெரிக்கர்கள். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் கடல் கடந்து மதுரையில் ஒரு கிளையை நாட்டினர். விரைவிலேயே திண்டுக்கல்லும் அதன் தளங்களுள் ஒன்றாயிற்று. எட்வர்ட் செஸ்டர் என்னும் மருத்துவப் போதகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நகரை நடுவாகக் கொண்டு நோயாளருக்கு மருந்தளித்தார். அக்காலச் சமவெளி வெள்ளையருக்கு எளிதாக இருக்கவில்லை. காய்ச்சலும் வாந்திபேதியும் குடும்பங்களைக் குலைத்தன. அதற்கு அஞ்சியே 1845இல் மலைமீது இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்றைய கோடைக்கானல் நகரம் அந்த இரண்டு வீடுகளிலிருந்து வளர்ந்ததே. மேலே குளிர்ந்த மலை; கீழே வெந்து கிடக்கும் வானம்பார்த்த பூமி. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு வெறும் மலைப்பாதையின் தொலைவன்று. ஊருக்குத் தொண்டு செய்ய வந்தவர்க்கும் ஊர்மக்களுக்கும் இடையே நின்றுவிட்ட தொலைவும் அதுதான்.

இந்தத் தொலைவின் நடுவேதான் கெய்தான் வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1898இல் பிறந்த அவர், 1925இல் அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியராகத் தமிழகத்தில் கால்வைத்தார். திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்துள் அடங்கிய ஊர்; தனி மாவட்டமானது 1985இல்தான்.

அவர் வந்த காலத்தில் அயல்நாட்டு மிஷனரிகளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பிரித்தானியரல்லாத சமயச் சங்கங்கள் முதல் உலகப் போருக்குப் பின் இந்திய அரசுக்கு உறுதிமொழி தரவேண்டியிருந்தது. சட்டப்படி அமைந்த அரசுக்கு மதிப்பும் கீழ்ப்படிதலும் காட்டுவோம், அரசியலில் தலையிடோம், எங்கள் செல்வாக்கை அரசோடு ஒத்துழைக்கும் வகையிலேயே செலுத்துவோம் என்பது அதன் சாரம். மேலோட்டமாகப் பார்த்தால் இதில் குறை காணமுடியாது. பிறர் வீட்டில் தங்குபவன் வீட்டுக்காரனின் வழக்கில் தலையிடக்கூடாது அல்லவா? ஆனால் சற்றே நின்று எண்ணினால் ஒரு முள் தைக்கும். இந்த வீட்டுக்காரர் யார்? அனுமதிச் சீட்டில் முத்திரையிட்ட அரசா? அல்லது தம் குடிசைத் திண்ணையில் பாய்விரித்து, கேழ்வரகுக் கூழைப் பகிர்ந்துகொண்ட குடியானவரா?

1930 அந்த வினாவை வாசலுக்கே கொண்டுவந்தது. அவ்வாண்டு மார்ச் 2ஆம் நாள் காந்தியடிகள் வைசிராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தை நேரில் எடுத்துச் சென்றவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர், குவேக்கர் மரபினர். பத்து நாள்களில் தண்டி யாத்திரை தொடங்கியது. அந்த ரெனால்ட்ஸ் தென்னாடு வந்தபோது அவருக்குக் கெய்தான் தம் இல்லத்தில் இடமளித்தார். அரசின் கண்ணில் அது குற்றமாயிற்று. மிஷனுக்கு நெருக்கடி வந்தது. கெய்தான் நாடு திரும்ப நேர்ந்தது. விருந்தாக வந்தவர் இன்னொரு விருந்தினரை ஏற்ற காரணத்தால் வெளியேற்றப்பட்டார் என்பதை வரலாற்றின் நகைமுரண் என்றே சொல்லவேண்டும்.

மிஷன் தலைவர்களைக் கோழைகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. அவர்கள் கையில் பள்ளிகள் இருந்தன; மருத்துவமனைகள் இருந்தன. அரசின் சினத்துக்கு ஆளானால் அவற்றின் கதவுகள் மூடப்படலாம். பாதிப்புறுவோர் ஏழைப் பிள்ளைகளும் பிணியாளருமே. நல்லது ஒன்றைக் காப்பதற்காக மௌனம் காப்பது ஒருவகை அறம். ஆயினும் அம்மௌனம் யாருக்குப் பயன்பட்டது என்று பார்க்கும்போது, அது ஆள்வோருக்கே அரணாக நின்றது என்பதையும் மறைக்கமுடியாது. கெய்தானின் மனச்சான்று அந்த விலையைக் கொடுக்க ஒப்பவில்லை.

அவர் தனியராகவும் இல்லை. வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய இரு மருத்துவர்களுள் சவரிராயன் ஜேசுதாசன் தமிழர். ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர். கதர் உடுத்திய பேட்டன் 1932இல் சென்னைத் தெருவில் காவலரின் தடியடிக்கு ஆளானார். இலக்னோவில் ஆசிரம வாழ்வு நடத்திய ஜே ஹோம்ஸ் ஸ்மித் என்னும் அமெரிக்கரும் 1940இல் நாடு திரும்ப வேண்டியதாயிற்று. அயல்நாட்டுத் தொண்டரிடையே இப்படி ஒரு சிறு அணி உருவாகியிருந்தது. எண்ணிக்கையில் சிறிது, எழுப்பிய வினாவோ பெரிது.

கெய்தான் சில ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். நாடு விடுதலை பெற்றதும் மறுபடியும் வந்தார். இருமுறை கதவடைக்கப்பட்ட பின்னும் மூன்றாம் முறை வந்து கதவைத் தட்டுபவனை விருந்தாளி என்று எப்படி அழைப்பது? அவன் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான்.

அந்த 1947இலேயே சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். கெய்தான் தம் எஞ்சிய வாழ்வைக் காந்திகிராமத்தோடும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களோடும் பிணைத்துக்கொண்டார். 1951இல் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கியபின், அதைத் தமிழகத்தில் தோளில் சுமந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனுக்கும், இவ்வட்டாரத்திலேயே பிறந்த கிருஷ்ணம்மாளுக்கும் அவர் நெருங்கிய தோழராக விளங்கினார். நிலமில்லாதவனுக்கு நிலம் என்ற சொல் அவருக்குப் பொருளியல் முழக்கமாகத் தோன்றவில்லை. மலைப்பொழிவின் பொருளாகவே தோன்றியது. கிறித்தவராகவே வாழ்ந்தார், காந்தியத் தொண்டராகவும் வாழ்ந்தார். இரண்டுக்கும் இடையே அவர் சுவர் எழுப்பவில்லை. 1984இல் தமிழ்நாட்டிலேயே மறைந்தார்.

அவர் வாழ்வைக் கணக்குப் பார்ப்பவர்கள், எத்தனை பேரைச் சமயத்துக்குக் கொண்டுவந்தார் என்று கேட்கலாம். அந்தக் கணக்கில் அவர் பெயர் பெரிதாக இராது. எவ்வளவு பெரிய கட்டடம் எழுப்பினார் என்று கேட்பவர்க்கும் ஏமாற்றமே. யாரோடு நின்றார், நின்றதற்கு என்ன விலை கொடுத்தார் என்று கேட்பவர்க்கு மட்டுமே அவர் வாழ்வு பொருள்படும்.

ஓர் இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கவிஞனும் ஒருவகையில் விருந்தாளியே. அன்று அரசவை அவனுக்கு இருக்கை தந்தது. இன்று பரிசும் பதவியும் மேடையும் தருகின்றன. கையெழுத்திட்ட உறுதிமொழி எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆனால் எழுதப்படாத உறுதிமொழி ஒவ்வோர் இருக்கையின் அடியிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. வீரமாமுனிவரிடம் கவிஞன் கற்க வேண்டியது மொழிக்கு உழைக்கும் உழைப்பு. செஸ்டரிடம் கற்க வேண்டியது அலுக்காத தொண்டு. கெய்தானிடம் கற்க வேண்டியது, தனக்கு விருந்திட்டவர் யார் என்பதைச் சரியாக அறிந்துகொள்ளும் தெளிவு. இருக்கை தந்தவர் ஒருவராக இருக்கலாம். சொல் தந்தவர்கள் மக்கள். எழுதுகோலின் கடன் சொல் தந்தவர்க்கே உரியது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். நல்ல பூட்டு பொருளைக் காக்கும்; வாய்க்குப் போட்டுக்கொண்ட பூட்டு எதைக் காக்கிறது என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கவேண்டும். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்துக் கவிஞர்கள் அடுத்த பத்தாண்டில் எழுதும் வரிகளே அதற்கு விடை சொல்லட்டும்.