கலைத்துப் போடட்டும், விடுங்கள்!



நம் ஜொகூரில் 2012இல் திறந்த லெகோலேண்டுக்குப் போய் வந்த பிள்ளை ஒரு பெட்டி கேட்டு அடம்பிடிக்கும். வாங்கித் தருகிறோம். கட்டுவதில் ஆளுக்கொரு பழக்கம். ஒருவர் கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்துக் கிண்ணங்களில் வைப்பார். ஒருவர் பைகளை எண் வரிசைப்படிதான் பிரிப்பார். இன்னொருவர் எல்லாவற்றையும் பாயில் கொட்டித் தேடுவார். எல்லாம் நல்ல பழக்கமே. தேடுகிற கைக்குப் பொறுமை வரும்.

ஆனால், கட்டி முடித்ததும் கண்ணாடி அலமாரியில் வைத்து, "தொடாதே, விலை அதிகம்!" என்கிறோமே, அந்தச் சடங்குதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டுக் குமிழ்க் கட்டைகள், ஒரே நிறத்தில் வெறும் ஆறு. அவற்றை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம் என்று டென்மார்க் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். பெட்டியோடு வரும் புத்தகம் காட்டுவதோ ஒரே ஒரு விதம்!

கலைத்தால் கெட்டுவிடுமா? 1958இல் செய்த கட்டைகூட இன்றைய கட்டையோடு பொருந்துகிறது.

ஒரு வாரம் அழகு பாருங்கள். பிறகு, "கலைத்துவிட்டு உன் இஷ்டத்துக்குக் கட்டு" என்று சொல்லுங்கள். பிள்ளை கட்டுவது கோணலாக இருக்கலாம். ஆனால், அது பிள்ளையே யோசித்துக் கட்டியதாக இருக்கும்.