சைரன் அடிச்சா எங்கே போகணும்? எளாவூரில் இருந்து ஒரு கேள்வி

(எளாவூர் கிளைக் கூட்டத்தில் நம் ஐடி விங் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரே ஒரு கேள்வி. இதைப் படிக்கிற நீங்களும் பதில் சொல்லிப் பாருங்க. இப்போ சைரன் அடிச்சா, குழந்தைங்களையும் வயசானவங்களையும் கூட்டிக்கிட்டு எங்கே போவீங்க? எனக்கும் தெரியாது. அதனாலதான் பேச வந்தேன்.

குண்டுவீச்சுன்னா அது எல்லையில நடக்கிற விஷயம்னு நினைக்கிறோம். 1942 ஏப்ரலை நினைச்சுப் பாருங்க. 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ஆம் தேதி திருகோணமலை. விசாகப்பட்டினம் ஒண்ணும் வேற உலகம் இல்ல. நம்ம ஊரைத் தாண்டி வடக்கே போற ரயிலு போய்ச் சேர்ற ஊருதான்.

அப்போ மெட்ராஸ் 300 வயசு தாண்டின நகரம். கோட்டை இருந்தது, துறைமுகம் இருந்தது. ஏ.ஆர்.பி. வார்டன்கள் இருந்தாங்க, பதுங்கு குழி வெட்டினாங்க, விளக்கை மறைச்சாங்க. ஆனாலும், அவசியம் இல்லாதவங்க ஊரை விட்டுப் போகலாம்னு அரசு சொன்னதும், பயமும் வதந்தியும் முந்திக்கிச்சு. அரசு அலுவலகங்களே உள்மாவட்டங்களுக்குக் கிளம்பின. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன ஆகும்னு பயந்து, மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம், புலியைச் சுட்டுக் கொன்னாங்க. வசதி இருந்தவங்க சொந்த ஊருக்கு ரயில் ஏறினாங்க. துறைமுகத்துல மூட்டை தூக்கினவர் எங்கே போவார்?

கடைசியில ஜப்பான் கப்பற்படை திரும்பிப் போயிடுச்சு. குண்டு விழாமலே பாதி நகரம் காலியானதுதான் மிச்சம்.

இன்னொரு பழைய நகரம், யாழ்ப்பாணம். 1990-ல கோட்டையைச் சுத்தி நடந்த சண்டையிலயும் குண்டுவீச்சுலயும் டச்சுக்காரங்க காலத்துத் தேவாலயம் இடிஞ்சு போச்சு. 1995 ஜூலை 9-ஆம் தேதி, நவாலி புனித பேதுரு தேவாலயத்துல தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல இலங்கை விமானப்படை குண்டு போட்டது. நூத்துக்கும் மேல உயிர் போச்சு. அந்த மக்கள்கிட்ட விமானம் இல்ல, பீரங்கி இல்ல. வீட்டு முற்றத்துல ‘ட’ எழுத்து மாதிரி குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டாங்க. குழி ஏன் வளைஞ்சிருக்கணும்? நேரா இருந்தா, ஒரு முனையில வெடிச்சது மறுமுனை வரைக்கும் பாயும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்த மண்ணை விட்டு வந்தவங்க இன்னைக்கும் கும்மிடிப்பூண்டி முகாம்ல நம்ம பக்கத்துலயே வாழறாங்க. போய்ப் பேசிப் பாருங்க.

2025 மே மாசம் அமிர்தசரஸ் நகரமே இருட்டடிப்புல இருந்தது. மே 7-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்துலயும் கல்பாக்கத்துலயும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. நம்ம பக்கம்? பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். நடுவுல கும்மிடிப்பூண்டி சிப்காட். போரே வர வேண்டாம். ஒரு தொழிற்சாலையில வாயு கசிஞ்சாலும் இதே கேள்விதான் வரும்: எங்கே போகணும்?

அதனால மூணு கோரிக்கை. ஒண்ணு, சிப்காட்டைச் சுத்தியுள்ள ஒவ்வொரு ஊராட்சிக்கும் கேட்கிற மாதிரி சைரன். ரெண்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒத்திகை. அதுவும் தமிழ், தெலுங்கோட நிக்காம இந்தி, ஒடியா, வங்காளத்துலயும் அறிவிக்கணும். இங்கே ஷெட்டுல தங்கி வேலை செய்ற ஒடிசா, பீகார் தொழிலாளியும் நம்ம ஊர் ஆளுதான். மூணு, எந்தக் கட்டடம் பாதுகாப்பான இடம்னு எழுதி ஊராட்சி அலுவலகத்துல ஒட்டணும். அடுத்த கிராம சபையில இதைத் தீர்மானமாக் கொண்டு வருவோம். நீங்க வந்து கை தூக்கணும்.

கடைசியா, என் போன்ற ஐடி விங் பசங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 மே மாசம் வீடியோ கேம் காட்சியைப் போர்க் காட்சின்னு எத்தனை பேர் ஃபார்வர்டு பண்ணாங்கன்னு நமக்குத் தெரியும். 1942-ல வதந்தி ரயில் ஏறிப் போச்சு. இன்னைக்கு நம்ம விரல் நுனியில போகுது. எதிர்க்கட்சியைத் திட்டுற செய்தியா இருந்தாலும் சரி, நம்மைப் புகழ்ற செய்தியா இருந்தாலும் சரி, உறுதியாத் தெரியாம அனுப்பாதீங்க. ஆபத்து நேரத்துல ஒரு பொய்ச் செய்தி, ஆம்புலன்ஸ் போற ரோட்டை அடைச்சிடும்.

நகரத்தைக் காக்கிற முதல் ஆளு, என்ன செய்யணும்னு தெரிஞ்ச பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்த ஆளா நாம இருப்போம்.



#எளாவூர் #கிராமசபை #பாதுகாப்புநம்உரிமை