உழைப்பும் இல்லமும்



திருப்பூரில் பனியன் தொழிலாளர் இருவர் சந்தித்தால், "நேற்று எத்தனை ஷிப்டு?" என்று கேட்டுக்கொள்வதுண்டு. காலை 8.30 மணி முதல் மாலை 5.30 வரை வேலை செய்தால் ஒரு ஷிப்டு. இரவு 8.30 வரை நின்றால் ஒன்றரை. நள்ளிரவு கடந்து 1 மணி வரை நின்றால் இரண்டு. பல கம்பெனிகளில் இதுவே கணக்கு. இக்கணக்கில் கூலி ஏறுகிறது, வேறொன்று குறைகிறது. அது யாது என்பதை எனக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி.

நான் அப்போது தலைமையாசிரியன். பத்தாம் வகுப்பினர்க்கு அரசுத் தேர்வு நெருங்கியதால், பள்ளி முடிந்த பின்னும் இரவு 7.30 வரை அவர்களை இருத்திப் படிக்கவைத்தேன். ஒரு நாள் மாலை அம்மாணவி என்னிடம் வந்தாள். "ஐயா, இன்னைக்கு அம்மாவுக்கு ஒரே ஷிப்டுதானுங்க. நான் நேரமே வீட்டுக்குப் போகட்டுங்களா?" என்றாள். "அம்மா எங்கும் போய்விட மாட்டார். உட்கார்ந்து படி" என்றேன். அவளும் உட்கார்ந்தாள். புத்தகம் திறந்தே இருந்தது. ஆனால் ஒரு பக்கமும் புரளவில்லை.

சில நாள் கழித்து அவளை அழைத்து வினவினேன். தாய் செக்கிங் பகுதியில் வேலை செய்பவர். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுச் செல்வார். இரவு ஒன்பதுக்குத் திரும்புவார். துணி வந்து சேராத நாள்களில் மட்டுமே ஒரு ஷிப்டோடு வீடு வருவார். கூலி குறையும் அந்த நாள், மகளுக்குத் திருநாளாக இருந்தது. அதனைத்தான் நான் மறுத்திருந்தேன்.

துணி வருவதும் வராததும் ஏன் ஒரு வீட்டின் மாலைப் பொழுதை முடிவு செய்ய வேண்டும்? இத்தொழிலின் அமைப்பே அதற்குக் காரணம். நூலைத் துணியாகப் பின்னுவது ஓரிடம், சாயமேற்றுவது வேறிடம், வெட்டுவதும் தைப்பதும் மற்றோரிடம். கப்பலில் ஏற்றவேண்டிய தேதியை அயல்நாட்டு வணிகர் குறித்துவிடுகிறார். முதற் படிகளில் நேரும் தாமதமெல்லாம் கடைசிப் படிகளான தையல், செக்கிங், பேக்கிங் ஆகியவற்றின்மீது வந்து விழுகிறது. தேதி நகராது, ஆகவே தொழிலாளியின் இரவு நகர்கிறது. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோரோ தாமாகவே நிற்கவும் விரும்புகின்றனர். வாடகையும் பள்ளிச் செலவும் அவ்வாறு விரும்பச் செய்கின்றன.

இத்தகையோரிடம் சென்று, "வேலையையும் குடும்பத்தையும் சமமாகப் பேணுக" என்று உபதேசிப்பதால் பயன் என்ன? வெளியேறும் கதவு திறந்திருந்தாலன்றோ ஒருவர் வெளியேற இயலும்? அக்கதவைத் திறக்கவே மக்கள் நெடுங்காலம் போராடினர். நாளில் எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்னும் பங்கீட்டை பிரிட்டனின் இராபர்ட் ஓவன் 1817இல் வற்புறுத்தினார். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதாக அமைந்தது. 1923 மே முதல் நாள், சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாள் விழாவை நடத்தினார். 1948இன் தொழிற்சாலைச் சட்டம் வார வேலையை 48 மணி என வரையறுத்து, மிகைநேரத்துக்கு இருமடங்கு கூலியும் விதித்தது.

இவை பழங்கதைகள் அல்ல. மே நாள் விழாவுக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1948இன் சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டமும் நாளுக்கு 8 மணி என்றே சொல்கிறது. மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் இசைவு வேண்டும் என்கிறது. ஆயினும் எட்டு மணிக் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதாதிருக்கும்வரை, அந்த இசைவு முழுமையான இசைவாகாது. இதனை நாளை முதலாளிகளாகவும் மேலாளர்களாகவும் அதிகாரிகளாகவும் வரவிருக்கும் நீங்கள் மறத்தல் ஆகாது.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாணவியிடம் பேசிய அன்று நான் வீடு சேர இரவு மணி ஒன்பது. என் மகன் உறங்கிவிட்டிருந்தான். அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். தாய்மாரை இரவுவரை நிறுத்தும் கம்பெனிகளைக் குறைகூறிய நானே, பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒன்றரை ஷிப்டு நடத்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்கும் அதே கணக்கை விதித்திருந்தேன். எனக்கு எந்தக் கப்பலும் காத்திருக்கவில்லை; கூலியும் குறைந்திராது. தேர்ச்சி விழுக்காட்டின் பெருமையே என்னை நிறுத்திவைத்தது. வறுமையால் வீடு திரும்ப இயலாதவர் ஒரு வகை. பெருமையால் திரும்ப மறுப்பவர் மற்றொரு வகை. முன்னவர்க்குச் சட்டமும் நியாயமான கூலியும் வேண்டும். பின்னவர் தமக்குத் தாமே சட்டம் இயற்றிக்கொள்ள வேண்டும்.

மாணவர்களே, உங்கள் பங்கும் உண்டு. 12 மணி நேரம் நின்று உழைத்த தாய் வீடு திரும்பியதும் அடுப்படிக்குச் சென்றால், அது கூலியில்லாத இன்னொரு ஷிப்டு. சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் மகளைப் போலவே மகனும் கற்க வேண்டும். நீங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு மணி, வீட்டார் ஒருங்கே அமர்ந்து உண்ணும் ஒரு மணியாகத் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமையில் சில நாழிகை, நூலகத்துக்கோ விளையாட்டுக்கோ, உங்களுக்கென்றே இருக்கட்டும். திருக்குறளில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இல்வாழ்க்கைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. ஒன்றைப் படிக்க மற்றொன்றைக் கிழித்தெறிய வேண்டுவதில்லை.

அடுத்த ஆண்டு, மாலைப் படிப்பை 5.30 மணிக்கே முடித்தேன். வீட்டில் எவரேனும் நேரமே வரும் நாளில் கேளாமலே செல்லலாம் என்றும் அறிவித்தேன். தேர்ச்சி குறைந்ததா என்று கேட்பீர்கள், குறையவில்லை. ஆனால் அந்த மாணவி அதற்குள் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அவளுக்கு நான் மறுத்த அந்த ஒரு மாலையைத் திருப்பித் தர என்னால் இயலவில்லை.

இன்று உங்கள் வீட்டில் யாருக்கு ஒரு ஷிப்டு என்று கேட்டறியுங்கள். அவர் வரும்போது நீங்கள் வீட்டில் இருங்கள்.