கார் சாவி தொலைந்தால்...



திருகிக் கிளப்பும் கார் சாவிக்குள் இரண்டு சமாசாரம் உண்டு. ரிமோட் பொத்தானுக்கு பேட்டரி வேணும். வண்டியைக் கிளம்பவிடும் சிப்புக்கு வேண்டாம். பூட்டைச் சுற்றியுள்ள காயிலே அதற்கு மின்சாரம் ஊட்டிவிடும். நாம் படித்த டிரான்ஸ்பார்மர் கதைதான்!

எனவே பொத்தான் செத்தால் பதறாதீங்க, முதலில் பேட்டரியை மாற்றுங்கள். கூடு உடைந்தால் வெறும் கூடு போதும். சிலதில் சின்னக் கறுப்புச் சிப் தனியாக ஒட்டியிருக்கும். பழைய கூட்டோடு எறிந்துடாதீங்க.

நிஜமாகவே தொலைந்தால்? இன்னொரு சாவி இருந்தால், பல வண்டிகளில் அதன் சிப்பை வெளிக்கடையிலேயே மலிவாக நகலெடுக்கலாம். ஆனால் வண்டியின் நினைவில் தொலைந்த சாவி அப்படியே இருக்கும். வீட்டுப் பக்கத்தில் விழுந்ததென்றால், காசு பார்க்காமல் அதை அழித்துப் புதுசைப் பதியச் சொல்லுங்கள்.

இரண்டுமே போனால் வண்டியையே இழுத்துப் போக வேண்டி வரலாம், செலவும் கூடும். பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள்.