மரபுத் தக்காளி இரகங்களின் பூர்வீகம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1975-ஆம் ஆண்டில் கெண்ட் வீலி, டயேன் ஆட் வீலி என்னும் இளம் தம்பதியர் விதைகளைப் பரிமாறிக் கொள்வோர் சங்கம் ஒன்றினைத் தொடங்கினர். மூலதனம் என்று சொல்லத்தக்கதாக அவர்களிடம் இருந்தவை இரண்டு சிறு விதைப் பொட்டலங்களே. ஒன்று இளஞ்சிவப்புத் தக்காளி. மற்றொன்று ஊதா நிறப் பூங்கொடி. இரண்டையும் டயேனின் பாட்டனார் அவரிடம் கொடுத்திருந்தார். பாட்டனாரின் பெற்றோர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து ஐயோவா மாநிலத்தில் குடியேறியபொழுது உடன் எடுத்து வந்த விதைகளின் வழி வந்தவை அவை. விதையைக் கொடுத்த சில காலத்திற்குள் முதியவர் மறைந்தார். பேத்தி கேட்டு வாங்கி வைத்திராவிடில் விதையோடு அதன் வரலாறும் மறைந்திருக்கும்.

அச்சங்கம் பிற்காலத்தில் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்னும் பெயருடன் ஐயோவாவில் டெக்கோரா என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையில் நிலைபெற்றது. தனியார் துறையில் இயங்கும் பெரிய விதைக் காப்பகங்களுள் ஒன்றாக இன்று அது விளங்குகிறது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் வீட்டுத் தோட்டக்காரர்கள். அவர்கள் தக்காளியிடத்துக் கொண்டுள்ள ஈடுபாடு தனித்துக் குறிப்பிடத்தக்கது. விதையைக் காப்பதோடு அவர்கள் நிற்பதில்லை. அது எந்தக் குடும்பத்தினுடையது, எந்த ஊரிலிருந்து எப்பொழுது வந்தது, அதன் பெயர் எவரால் இடப்பட்டது என்பனவற்றையும் தேடித் திரிகின்றனர். பொழுதுபோக்காகத் தோன்றும் இத்தேடலில் அரசு அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியவை உள. இரகத்தின் பூர்வீகம் என்பது இன்று சட்டத்தில் இடம்பெற்றுவிட்ட ஒரு வினா ஆகும்.

தோட்டத்தில் எளிது, வரலாற்றில் கடினம்

தக்காளி விதையைக் காப்பது எளிது. பழத்தின் சாற்றோடு விதையை இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்தால் அதைச் சூழ்ந்த வழவழப்பான உறை கரைந்துவிடும். பின் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். உலர்ந்த விதை பல ஆண்டுகள் முளைப்புத் திறனுடன் இருக்கும். சாகுபடித் தக்காளியின் பூவில் சூலகமுடி மகரந்தப் பைகளாலான கூம்புக்குள் ஒடுங்கி நிற்பதால் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்கிறது. ஆகவே பத்து வகைகளை அடுத்தடுத்துப் பயிரிடும் ஒரு குடும்பத்தலைவி, தனிப் பயிற்சி ஏதுமின்றி, தன் இரகத்தை நான்கு தலைமுறைக்குத் தூய்மையாகக் கொண்டு செலுத்த முடிந்தது. மக்காச்சோளத்திலோ பூசணியிலோ இது எளிதன்று.

வரலாற்றைக் காப்பதற்கு இத்தகைய இயற்கை ஏற்பாடு ஏதும் இல்லை. விதை கைமாறும்பொழுது பெயர் திரிகிறது. பெயர் மறந்தபொழுது புதுப் பெயர் சூட்டப்படுகிறது. ஒரே பெயர் இரு வேறு இரகங்களுக்கு அமைகிறது. வாய்மொழி, அச்சிட்ட விலைப்பட்டியல், செடியின் உடற்கூறு ஆகிய மூவகைச் சான்றுகளை விதை காப்போர் நாடுவதற்கு இதுவே காரணம். மூன்றும் ஒத்துச் செல்வது அரிது.

தக்காளியின் தொல் பூர்வீகம் குறித்து அறிவியலாரிடையே பெருமளவு உடன்பாடு உண்டு. அதன் காட்டு உறவினங்கள் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சாரலிலும் அதன் மேற்குக் கரையோரத்திலும் வளர்கின்றன. பெரும்பழத் தக்காளி உருப்பெற்றது மெக்சிகோப் பகுதியில். அங்கு நாவாட்டில் மொழியில் 'தொமாட்டில்' என்னும் சொல் தோலுறைக்குள் காய்க்கும் வேறொரு காயையும் குறித்தது. செந்தக்காளிக்கு 'ஷித்தொமாட்டில்' என்று முன்னொட்டுச் சேர்க்க நேர்ந்தது. தமிழிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்துள்ளது. தக்காளி என்னும் பெயர் முன்பு உள்நாட்டுச் சிறு கனிச்செடியைக் குறித்தது. கடல் கடந்து வந்த பழம் சீமைத்தக்காளி எனப்பட்டது. பின்னர் வந்தது பெயரை எடுத்துக்கொண்டு அடைமொழியை உதறிவிட்டது. பெயரை மட்டும் பற்றிக்கொண்டு வரலாறு எழுதப் புகுவோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

விலைப்பட்டியல்களின் சாட்சியம்

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் விதை வணிகம் தழைத்தோங்கியது. ஒகையோ மாநிலத்து அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன் 1870-இல் வெளியிட்ட 'பேராகன்' இரகம் தக்காளி வரலாற்றில் ஒரு திருப்பம். அதற்கு முன் பெரும்பாலான பழங்கள் வரிவரியாகப் பள்ளம் விழுந்து ஒழுங்கற்று இருந்தன. நல்ல பழத்தைத் தேர்ந்து விதையெடுத்த பழைய முறையால் பயன் காணாத லிவிங்ஸ்டன், பழத்தை விடுத்துச் செடியைத் தேர்ந்தார். ஒரே செடியில் எல்லாப் பழங்களும் வழவழப்பாகவும் சீராகவும் உள்ளனவா என்று நோக்கினார். தாம் செய்தவற்றை 1893-இல் நூலாகவும் எழுதி வைத்தார். இன்று மரபு இரகங்கள் என்று போற்றப்படுவனவற்றுள் பல, இவ்வாறு அந்நாளைய வணிகர் வெளியிட்ட புதிய சரக்கே. பாட்டி வீட்டு விதை என்று சொல்லப்படுவது பாட்டி கடையில் வாங்கிய விதையாக இருக்கலாம். இதனால் பாட்டியின் பெருமை குறைவதில்லை. கடை கைவிட்ட பின்பும் அதை உயிருடன் வைத்திருந்தவர் அவரே.

மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்னுமிடத்தில் உள்ள தேசிய வேளாண் நூலகம் பழைய விதை விலைப்பட்டியல்களைப் பெருந்தொகுப்பாகச் சேர்த்து வைத்துள்ளது. அச்சிட்ட காலத்தில் எவரும் மதிக்காத தாள்கள் இவை. விற்பனை முடிந்ததும் அடுப்புக்குப் போயிருக்க வேண்டியவை. ஓர் இரகம் முதன்முதலாக எந்த ஆண்டில், எவரால் விற்கப்பட்டது என்பதற்கு இன்று இவையே தலையாய சான்று.

எனினும் படிக்கும் முறை அறியாதவரை இவை வழி தவறச் செய்யும். அக்காலப் பட்டியல்களில் ஊதா நிறம் என்று எழுதப்பட்டது இன்று இளஞ்சிவப்பு எனப்படும் நிறத்தையே. இவ்விரு வகைப் பழங்களின் சதையும் சிவப்பே. சிவப்புத் தக்காளியின் தோல் மஞ்சள் சாயல் கொண்டது, இளஞ்சிவப்புத் தக்காளியின் தோல் நிறமற்றது என்பதே வேறுபாடு. இதனை உணராது, கரிய ஊதாப் பழங்கள் 1880-களிலேயே விற்கப்பட்டன என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

மூன்று வழக்குகள்

பெரும் புகழ் பெற்ற 'பிராண்டிவைன்' தக்காளியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பிலடெல்பியாவின் ஜான்சன் அண்டு ஸ்டோக்ஸ் நிறுவனம் இப்பெயருடைய இரகத்தை 1889-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இன்று தோட்டங்களில் பெரிதும் விரும்பி வளர்க்கப்படும் பிராண்டிவைன், 1980-களின் தொடக்கத்தில் ஒகையோவைச் சேர்ந்த பென் குவிசன்பெர்ரி என்னும் முதியவர் விதை காப்போருக்கு வழங்கியது. அவர் அதனை டென்னசியைச் சேர்ந்த ஒரு பெண்மணியிடமிருந்து பெற்றார். அப்பெண்மணியின் குடும்பத்தில் அது பல பத்தாண்டுகளாகப் பயிரிடப்பட்டு வந்தது. விலைப்பட்டியலில் உள்ள பெயருக்கும் டென்னசிக் குடும்பத்தின் செடிக்கும் இடையே கண்ணி ஒன்று அறுந்து கிடக்கிறது. ஆமிஷ் சமயத்தாரின் பழம்பொருள் என விற்பவர் எழுதும் விளம்பர வரிகள் அந்த இடைவெளியை நிரப்பமாட்டா.

இரண்டாவது, 'மார்ட்கேஜ் லிஃப்டர்'. அடமானம் மீட்டது என்று பொருள்படும் பெயர். மேற்கு வர்ஜீனியாவின் லோகன் ஊரில் செங்குத்தான மலைச்சாலையின் அடியில் வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தவர் எம். சி. பைல்ஸ். ஏற்றத்தில் சூடேறி நின்ற சரக்கு வண்டிகளின் ரேடியேட்டர்களைச் சரிசெய்து 'ரேடியேட்டர் சார்லி' எனப் பெயரெடுத்தவர். பயிர்ப்பெருக்கத்தில் அவருக்குக் கல்வி ஏதும் இல்லை. பெரிய பழம் தரும் வேறு செடிகளை வட்டமாக நட்டு, நடுவில் ஒரு செடியை வைத்து, அவற்றின் மகரந்தத்தை அதன் பூக்களில் இட்டு, ஆறு ஆண்டு தேர்ந்தெடுத்து ஓர் இரகத்தை உருவாக்கினார். நாற்று ஒன்று 1 டாலர் என விற்று, 6,000 டாலர் வீட்டுக் கடனை ஆறே ஆண்டுகளில் தீர்த்ததாக அவரே முதுமையில் எடுத்துரைத்தார். அந்நாளில் 1 டாலர் சிறு தொகையன்று. பல கல் தொலைவிலிருந்தும் மக்கள் வந்து வாங்கினர் என்பதிலிருந்து அவ்விரகத்தின் சந்தை மதிப்பை உணரலாம். சட்டக் காப்பு எதுவும் இல்லாத நிலையில் விதையை அன்றி நாற்றை விற்றது அவருடைய வணிக நுட்பம் என்றே கொள்ளத் தோன்றுகிறது. எனினும், அதே மாநிலத்தின் பார்பர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த மற்றொருவரும் 1920-களில் இதே பெயரில் ஓர் இரகத்தை வளர்த்தார். இருவரும் உண்மை பேசியிருக்கலாம். கடன் சுமை ஒரு குடும்பத்திற்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை.

மூன்றாவதே சிக்கலானது. வட கரோலினாவைச் சேர்ந்தவராக இன்று அறியப்படும் தக்காளி ஆய்வாளர் கிரெய்க் லெஹூலியருக்கு 1990-இல் டென்னசியிலிருந்து அஞ்சலில் சில விதைகள் வந்தன. பெயர் இல்லை. செரோக்கிப் பழங்குடியினரிடமிருந்து நூறாண்டுக்கு முன் தம் அண்டை வீட்டார் குடும்பத்திற்குக் கிடைத்தவை என்று அனுப்பியவர் எழுதியிருந்தார். விளைந்த பழம் காயம்பட்ட தோல் போன்ற கருநிறம் கொண்டிருந்தது, சுவையோ சிறந்தது. லெஹூலியர் 'செரோக்கி பர்ப்பிள்' எனப் பெயரிட்டார். விதை நிறுவனங்கள் வழியே அது உலகெங்கும் பரவியது.

சான்று என்ற வகையில் இங்கு இருப்பது ஒரு கடிதத்தில் வந்த, மூன்று கை மாறிய செய்தி. செரோக்கியருள் பெரும்பாலோர் 1838, 1839-ஆம் ஆண்டுகளில் தென்கிழக்குப் பகுதியிலிருந்து இராணுவத்தால் வலுவில் வெளியேற்றப்பட்டு, இன்றைய ஒக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மலைகளில் எஞ்சிய சிறு பிரிவினர் டென்னசியை ஒட்டிய வட கரோலினாவில் இன்றும் வாழ்கின்றனர். எனவே 1890-ஐ ஒட்டி விதை கைமாறியது என்பது நடக்கக்கூடியதே, மெய்ப்பிக்கப்பட்டது அன்று. செரோக்கி அரசு 2006 முதல் தனக்கென விதை வங்கி நடத்துகிறது. 2020-இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைக் காப்பறையில் ஒன்பது இரகங்களை வைப்பும் செய்தது. அவை சோளமும் அவரையும் பூசணியும். தக்காளி அவற்றுள் இல்லை. ஒரு மக்களின் பெயரைச் சுமந்து பணம் ஈட்டும் இரகத்தில் அம்மக்களுக்கு உரிமை உண்டா என்னும் வினாவுக்கு, ஒரு கடிதத்தின் வலிமை போதுமா?

செடியே சொல்வது

வாய்மொழியும் அச்சும் ஓய்ந்த இடத்தில் செடியின் உடற்கூறு பேசத் தொடங்குகிறது. பிராண்டிவைன் போன்றவற்றின் இலை உருளைக்கிழங்கு இலை போல விளிம்பு வெட்டின்றி இருக்கும். இப்பண்பு ஒடுங்கு பண்பாகையால், இவ்விலையுடைய செடியின் விதையில் சாதாரண இலையுள்ள நாற்று தோன்றுமானால் அங்கு வேற்று மகரந்தம் கலந்துள்ளது அல்லது விதை மாறிப் போயுள்ளது. நாற்றங்காலிலேயே இதனைக் கண்டுகொள்ளலாம்.

கருநிறப் பழங்களைப் பற்றிய ஆய்வு இதனினும் சுவையானது. பழுத்த பின்னும் பச்சையம் சிதையாது சிவப்புடன் கலந்து நிற்பதே அந்நிறத்திற்குக் காரணம். ஒரு மரபணு பழுதுபட்டதால் இது நேர்கிறது. இத்தகைய மரபு இரகங்கள் பலவற்றின் அம்மரபணுவை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வொன்று, முன்னரே அறிந்த பழுதுக்கு அப்பால் நான்கு புதிய பழுதுகளைக் கண்டது. கரிய தக்காளிகள் அனைத்தும் ஒரே மூதாதையின் வழி வந்தவை அல்ல. வெவ்வேறிடத்தில் தனித்தனியே தோன்றி, தோட்டக்காரர் கண்ணில் பட்டுக் காக்கப்பட்டவை என்பது இதனால் தெளிவாயிற்று. இரு இரகங்கள் உறவா அல்லவா என மரபணு கூறும். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்பதை அது கூறாது.

சட்டமும் படிவமும்

இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைகள் சட்டம் இவ்வினாவைப் பொழுதுபோக்கிலிருந்து அலுவலகத்திற்குக் கொண்டுவந்துள்ளது. விவசாயிகள் மரபாகப் பயிரிட்டு வளர்த்தெடுத்த இரகத்தைப் பதிவு செய்துகொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. புதிய இரகத்திற்குப் பதிவு கோருபவர், பெற்றோர் வழிகள் இந்தியாவில் எப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டன, அதில் எந்த விவசாயி அல்லது கிராமத்தின் பங்கு உண்டு என்பதைத் தெரிவித்தல் வேண்டும். ஓர் இரகம் உருவாக ஒரு கிராமத்தார் அல்லது சமூகத்தார் ஆற்றிய பங்கிற்காக அவர்கள் சார்பில் உரிமை கோர 41-ஆம் பிரிவு வழி செய்கிறது. தேசிய மரபணு நிதி அதற்கென அமைந்தது. பன்னாட்டளவிலோ, பயிர் மரபு வளங்கள் பற்றிய உடன்படிக்கையின் பொதுப் பரிமாற்றப் பட்டியலில் கத்தரி உண்டு, தக்காளி இல்லை. ஆகவே தக்காளி விதையை நாடு கடந்து பெறுவதில் பூர்வீகம் பற்றிய வினா தனித்தனி ஒப்பந்தமாக எழுகிறது.

சட்டம் வழி திறந்தது. அவ்வழியில் நடக்கச் சான்று வேண்டும். தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பூசா ரூபி' தக்காளியின் வம்சாவளி நன்கு பதிவானது: 'சூ' என்னும் அமெரிக்க இரகமும் 'இம்ப்ரூவ்டு மீரட்டி'யும் அதன் பெற்றோர். அமெரிக்கப் பெற்றோரின் தோற்றத்தை ஆய்வுக்கூட ஏடுகளில் தேடலாம். மற்றதன் பெயரில் ஓர் ஊர் நிற்கிறது. அவ்வூர்ப் பகுதியில் எவருடைய தோட்டத்தில் அது பேணப்பட்டது என்பதை வம்சாவளி வரி சொல்வதில்லை. அன்று அதைக் கேட்குமாறு எந்தப் படிவமும் பணிக்கவில்லை.

இன்று களத்தில் விதை திரட்டும் அலுவலர் கையில் படிவம் உண்டு. ஊர், மாவட்டம், அகலாங்கு, நெட்டாங்கு யாவும் அதில் நிரம்பிவிடும். விதையைக் கொடுத்தவர் அதனை எவரிடமிருந்து பெற்றார், எத்தனை ஆண்டாக வைத்துள்ளார், வீட்டில் அதை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுவதற்குக் கால் மணி நேரம் கூடுதலாகும். நேரில் கண்டது எது, கேள்வியுற்றது எது என்று பிரித்து எழுதினால், நாற்பது ஆண்டு கழித்து 41-ஆம் பிரிவின்கீழ் ஒரு கிராமத்தார் மனுச் செய்யும்பொழுது அந்தத் தாள் எடுத்துப் பார்க்கப்படும். பெரும்பாலும் இப்பணி செய்வோர் இளம் பட்டதாரிகள். விதை வைத்திருப்போர் எழுபதைக் கடந்த பெண்கள். குறிப்பேட்டில் குடும்பத்தலைவர் என்ற இடத்தில் எழுதப்படும் பெயரோ, பெரும்பாலும் அப்பெண்ணின் கணவருடையது.